வீட்டு வரி ரசீதுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. தாம்பரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருமுறை சொத்து வரி கட்டுகிறோம். ரசீதில் பெரும்பாலும் ஒரே தொகைதான் கண்ணில் படும். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் குப்பைக்கும் கொடுக்கிற காசு என்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்துவிடுகிறோம். அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பள்ளிக்கூடமும் ஒரு நூலகமும் இருக்கின்றன. கல்வி வரி என்றும் நூலக வரி என்றும் அவற்றுக்குப் பெயர். அவை அங்கே வந்து சேர்ந்த கதைக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் வயது. அவற்றைக் கணக்கிடும் முறையோ ஒரு பழைய கடிகாரத்தைத் திறந்து பார்ப்பது போல அவ்வளவு நுட்பமானது.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். வீட்டுக்கு வரி போட வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்கு ஒரு மதிப்பு வேண்டும். வாங்கிய விலையை வைக்கலாமா? முப்பது வருடத்துக்கு முன் சேலையூரில் மனை வாங்கியவருக்கு ஒரு விலை, சென்ற மாதம் பக்கத்து மனையை வாங்கியவருக்கு வேறு விலை. உண்மையான வாடகையை வைக்கலாமா? ஒரே அடுக்ககத்தில் ஒரே அளவுள்ள இரண்டு வீட்டுக்கு இரண்டு வாடகை. சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வாடகையே கிடையாது. இந்தச் சிக்கலுக்கு நம் ஊர்ச் சட்டம் கண்ட வழி, கற்பனையான ஒரு வாடகை. இந்த வீட்டை நியாயமாக வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வரும் என்று எதிர்பார்க்கலாமோ, அதுவே ‘ஆண்டு வாடகை மதிப்பு’. வரி எல்லாம் இந்தத் தொகையின் மேல்தான்.

கற்பனை என்றாலும் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஊரில் உள்ள தெருக்களை மாநகராட்சி தரம் பிரிக்கிறது. கடைவீதி, பேருந்து போகும் சாலை, உள்தெரு என்று ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என ஒரு விகிதம். வீட்டின் பரப்பை அந்த விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வந்துவிடும். இந்த விகிதம் சந்தை வாடகையோடு போட்டி போடுவதே இல்லை. 2022 வரை சென்னையில் குடியிருப்புகளுக்கு இருந்த விகிதம் சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரைதான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மாதம் 2,400 ரூபாய்க்கு மேல் மதிப்புப் போட அப்போது வழியே இல்லை, அது பெரும் பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையில் இருந்தாலும்கூட.

மாத மதிப்பு கிடைத்துவிட்டது. ஆண்டு மதிப்பு வேண்டுமானால் 12-ஆல் பெருக்க வேண்டியதுதானே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த எண் வருகிறது. 12-ஆல் பெருக்குவதில்லை, 10.92-ஆல் பெருக்குகிறார்கள். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் வரை பரந்திருக்கும் சென்னை மாநகராட்சியின் கணக்கில் இந்த எண் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. முதல் பார்வைக்கு எங்கிருந்தோ வந்து விழுந்த எண் போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு முழு வாதமே இருக்கிறது.

வாடகை என்பது இரண்டு பொருளுக்கான கூலி. ஒன்று தரை, இன்னொன்று அதன்மேல் நிற்கும் கட்டடம். கட்டடம் ஒழுகும், விரிசல் விடும், சுண்ணாம்பு கேட்கும். தரைக்கு மராமத்துச் செலவு கிடையாது. ஆகவே மராமத்துக்கென்று கழிவு கொடுப்பதானால் கட்டடத்தின் பங்குக்கு மட்டும் கொடுப்பதே நியாயம். 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920-இன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இதையே சொல்லின: கட்டடத்துக்குரிய வாடகையில் பத்தில் ஒரு பங்கை மராமத்துக்காகக் கழிக்க வேண்டும். இனி கணக்கு. பன்னிரண்டு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு தரைக்கு என்று வைத்தால் அது 1.20. மீதி 10.80 கட்டடத்தின் பங்கு. அதில் பத்து விழுக்காடு, அதாவது 1.08, மராமத்துக் கழிவு. மிஞ்சுவது 9.72. ஒதுக்கி வைத்த தரையின் 1.20-ஐத் திரும்பச் சேர்த்தால் 10.92. தரை தேயாது, சுவர் தேயும் என்கிற உண்மையை இரண்டு தசம இடத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி, சொந்தக் குடியிருப்பு. கணக்கு எளிதாக இருக்க, தெரு விகிதம் சதுர அடிக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 2,000 ரூபாய். வீட்டுக்காரரே குடியிருந்தால் சென்னைக் கணக்கில் 25 விழுக்காடு கழிவு உண்டு. ஆகவே 1,500. (கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானக் கழிவும் உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம்.) 1,500-ஐ 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு வாடகை மதிப்பு 16,380 ரூபாய்.

சென்னையில் இதன்மேல் விழும் அரையாண்டு வரி 12.40 விழுக்காடு. இந்த 12.40-ம் மூன்று துண்டுகளால் ஆனது: பொது வரி 9, கல்வி வரி 2.50, நூலக வரி 0.90. ரூபாயில் சொன்னால் பொது வரி 1,474 ரூபாய் 20 காசு, கல்வி வரி 409 ரூபாய் 50 காசு, நூலக வரி 147 ரூபாய் 42 காசு. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் இந்த வீடு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது 819 ரூபாய். மாதத்துக்கு 68 ரூபாய், ஓட்டலில் இரண்டு பேர் காபி குடிக்கும் காசு.

விகிதங்களை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். சென்னையின் பட்டியலில் பொது வரி எல்லாருக்கும் 9 விழுக்காடு அல்ல. ஆண்டு மதிப்பு 500 ரூபாய்க்குள் இருந்தால் 3.75, ஆயிரம் வரை 6.75, ஐயாயிரம் வரை 7.75, அதற்கு மேல் 9. ஏழைக்குக் குறைவு, வசதியுள்ளவருக்குக் கூடுதல் என்ற படிக்கட்டு. ஆனால் கல்வி வரி எந்தப் படியிலும் 2.50 விழுக்காடுதான். கூரை வீடானாலும் மாளிகையானாலும் பள்ளிக்கு ஒரே வீதம் என்று வைத்திருக்கிறார்கள். நூலக வரி தனியாக நிற்பதும் இல்லை, பொது வரியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது: பொது வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. பொது வரி 9 என்றால் நூலக வரி 0.90. பொது வரி 3.75 என்றால் நூலகத்துக்கு அதில் பத்தில் ஒன்று.

இந்தப் படிக்கட்டு இன்று வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேல்படி 5,000 ரூபாய்க்கு மேல் தொடங்குகிறது. 10.92-ஆல் வகுத்தால் மாத மதிப்பு வெறும் 458 ரூபாய். இன்று நடுத்தரமான ஒரு கான்கிரீட் வீடே அதைத் தாண்டிவிடும். ஆகவே பெரும்பாலோர் மேல்படியிலேயே நிற்கிறோம். ஏழைக்கு இரங்கி வைத்த படிகள் விலைவாசி வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றை உயர்த்திக் கட்டுவது கடினமான வேலையல்ல, செய்ய வேண்டிய வேலை.

வீட்டு வரிக்குள் பள்ளிக்கூடம் நுழைந்தது எப்போது? கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பரில் சென்னைக்கு ஒரு பட்டயம் கொடுத்தது. அதன்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பிறந்தது. ஊர்க்காரர்கள்மேல் வரி போட அதற்கு அதிகாரம் தந்தபோது எதற்கெல்லாம் அந்தப் பணம் என்றும் பட்டயம் குறிப்பிட்டது: ஒரு நகர மண்டபம், ஒரு சிறை, கூடவே உள்ளூர்ப் பிள்ளைகள் ஆங்கிலமும் கணக்கும் வணிகர் கணக்குப் பதிவும் படிக்க ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி தன் பிறப்புச் சான்றிதழிலேயே பள்ளிக்கூட வரியோடு பிறந்திருக்கிறது. கம்பெனிக்குத் தன் கணக்குப்பிள்ளைகள் தேவைப்பட்டார்கள் என்பதுதான் நோக்கம். வரி கட்ட மக்கள் எளிதில் இணங்கவில்லை என்பது வரலாற்றின் மறுபாதி.

முறையான கல்வி வரி வந்தது 1920-இல், சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டத்தின் மூலம். நகராட்சிகளும் தல வாரியங்களும் அரசின் ஒப்புதலோடு கல்விக்கென்று தனி வரி விதிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதே 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். மாணவர் ஒருவருக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. உலகம் இன்று எடுத்துக்காட்டாகப் பேசும் சத்துணவின் முதல் கவளம் ஒரு மாநகராட்சித் தீர்மானத்திலிருந்து வந்தது. நூலக வரி 1948-இல் சேர்ந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பும் கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முனைப்பும் சேர்ந்து சென்னைப் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது.

சரி, வரி எவ்வளவு என்று யார் முடிவு செய்வது, எப்படி? இந்தக் கேள்விக்கு உலகத்தில் இரண்டு எதிரெதிரான விடைகள் உண்டு. நம் முறையின் தன்மை அமெரிக்க முறையை அருகில் வைத்தால்தான் தெளிவாகத் தெரியும்.

அங்கே பள்ளி மாவட்டம் என்று ஓர் அமைப்பு. நகராட்சியிலிருந்து தனியாக, பெரும்பாலான இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தோடு இயங்குகிறது. வாரியம் முதலில் செலவைப் போடுகிறது: ஆசிரியர் சம்பளம், பேருந்து, கட்டடக் கடன். எடுத்துக்காட்டாக மொத்தம் 10 கோடி டாலர் என்று கொள்வோம். மாநில, மத்திய அரசுகள் 6 கோடி தருகின்றன. துண்டு விழுவது 4 கோடி. இந்தத் துண்டுதான் அந்த ஆண்டின் வரித் தண்டல். மாவட்டத்தில் உள்ள வீடு, கடை, நிலம் அனைத்தின் மதிப்பையும் கூட்டினால் 400 கோடி டாலர் என்றால், 4-ஐ 400-ஆல் வகுக்க வேண்டும். ஒரு விழுக்காடு. அவர்கள் அதை ஆயிரத்துக்குப் பத்து என்று சொல்வார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ‘மில்’ என்று பெயர். வியப்பு என்னவென்றால், ஊரில் எல்லா வீட்டின் விலையும் ஒரே ஆண்டில் இரட்டிப்பானாலும் தண்டல் தொகை மாறாது. மில் விகிதம் பாதியாகக் குறைந்துவிடும். தேவை முதலில், விகிதம் பிறகு.

நம் கணக்கு தலைகீழ். விகிதம் முதலில் நிற்கிறது, அது கொண்டுவரும் தொகைதான் வரவு. பள்ளிக்கு எத்தனை கழிப்பறை வேண்டும் என்று எண்ணிவிட்டு யாரும் 2.50 விழுக்காட்டை முடிவு செய்யவில்லை. தேவை கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் அசையாது. வரவு அசைய வேண்டுமானால் தெரு விகிதம் மாற வேண்டும். அது சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 வரை மாறவே இல்லை. நடுவில் 2018-இல் வந்த உயர்வும் அடுத்த ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகள். அந்த இடைவெளியில் பெருங்களத்தூர் வரை அடுக்ககங்கள் வரிசைகட்டி எழுந்துவிட்டன, விகிதம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கடைசியில் அதை நகர்த்தியது 15-ஆவது நிதிக்குழு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து உயர வேண்டும், அப்போதுதான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்றது. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் உயர்வு வந்தது. தாம்பரம் உள்ளிட்ட மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கு 100, சுயநிதிப் பள்ளி கல்லூரிக் கட்டடங்களுக்கு 75. ஆக, ஒரு தனியார் பள்ளியின் கட்டடம் கட்டும் வரியிலும் ஒரு பங்கு நகராட்சிப் பள்ளிக்குப் போகிறது. மன்றத்தில் தீர்மானம், நாளிதழில் அறிவிப்பு, மக்களின் ஆட்சேபணை, மறுபடி தீர்மானம் என்ற வழியில்தான் இது நடப்புக்கு வந்தது. பிறகு ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்தும் முறைக்கு விதி செய்தார்கள். 2024-இல் சென்னை மன்றம் ஏற்ற உயர்வு 6 விழுக்காடு. ஆண்டுக்கு 6 என்பது பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பு. இருபத்துநான்கு ஆண்டு உறங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாவதைவிட இது நல்ல முறை என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்க முறை கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? அதன் இருண்ட மூலையை டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரம் காட்டியது. 1960-களின் இறுதியில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம் நூறு டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 செண்டு வரி போட்டது. பக்கத்திலிருந்த வசதியான ஆலமோ ஹைட்ஸ் 85 செண்டுதான் போட்டது. ஆனால் அந்த வரியிலிருந்து எட்ஜ்வுட்டுக்கு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர், ஆலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். கூடுதல் வரி கட்டிய ஏழைகளுக்குக் குறைவான பணம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது அரசமைப்புக்கு முரணல்ல என்று தீர்ப்பு வந்தது.

தமிழ்நாடு இந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பள்ளிச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். அது பெரும்பாலும் உள்ளாட்சியின் வரியிலிருந்து வருவதில்லை. 1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அனகாபுத்தூரில் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கும் தேனியில் நடத்துபவருக்கும் அடிப்படைச் சம்பள விகிதம் ஒன்றே. தெருவின் வசதி ஆசிரியரின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. கல்வி வரி என்பது பெரும்பாலும் கட்டடம், கழிப்பறை, குடிநீர், பெஞ்சு, மராமத்து ஆகியவற்றுக்கான பணமாக நின்றுவிட்டது. உயிர் மாநிலத்திடம், உடல் நகராட்சியிடம் என்று சொல்லலாம்.

உடலுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதைக் குறைக்கும் ஒரு செயல் நம் கண்ணெதிரே தாம்பரத்தில் நடந்தது. 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு கொண்ட ஒரே மாநகராட்சி ஆயின. அதுவரை பத்து ஊருக்குப் பத்துக் கணக்கு. கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜிஎஸ்டி) சாலையோரத்துக் கடைகளின் வரி அந்தந்த ஊர்க் கல்லாவில். நெசவாளர் தெருக்கள் நிறைந்த அனகாபுத்தூருக்கு அதில் பங்கில்லை. இணைப்புக்குப் பிறகு குரோம்பேட்டையின் ஜவுளிக் கடல் கட்டும் வரியும் திருநீர்மலையின் ஓட்டு வீடு கட்டும் வரியும் ஒரே நிதியில் விழுகின்றன. எட்ஜ்வுட்டையும் ஆலமோ ஹைட்ஸையும் ஒன்றாக்குவதற்கு நிகரான செயல் இது. பெயர்ப்பலகை மாற்றமாக மட்டும் அதைப் பார்த்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

அந்த நிதிக்கும் ஒரு தனிப் பூட்டு உண்டு. தமிழக நகராட்சிகளின் வரவு செலவுத் திட்டத்தைத் திறந்தால் மூன்று கணக்குகள் இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. கல்வி வரி மூன்றாவது கணக்கில் சேர வேண்டும். பெயரிலேயே நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது. நூலக வரியோ மாநகராட்சியிடம் தங்குவதே இல்லை. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய தபால்காரர் வேலை மட்டுமே அதற்கு.

நகரம் வளரும் வேகத்துக்குப் பள்ளியின் நிர்வாகம் ஈடுகொடுப்பதில்லை என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய குறை. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்துவிடும், அதன் பள்ளி பழைய நிர்வாகத்திலேயே நிற்கும். 2011-இல் பெருங்குடி, பள்ளிக்கரணை, ஆலந்தூர் போன்ற பகுதிகள் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. அங்கிருந்தவர்கள் அன்றிலிருந்து சென்னைக்கு வரி கட்டினார்கள். இணைந்த பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வந்தது பத்தாண்டுக்கு மேல் கழித்துத்தான். அதன் பிறகே 281 என்றிருந்த மாநகராட்சிப் பள்ளிகளின் எண்ணிக்கை 420 ஆனது. தாம்பரத்திலும் எந்தப் பள்ளி யாருடையது என்பதை ஒவ்வொரு வார்டிலும் கேட்டுத்தான் அறிய வேண்டும். கல்வி வரி கட்டுகிறவரின் தெருமுனைப் பள்ளி கல்வித் துறையின் கீழ் இருந்தால், அதன் சுற்றுச்சுவர் இடிந்ததற்கு யாரிடம் போவது என்பதே முதல் கேள்வி ஆகிவிடுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஓர் இடம் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வார்டுக்குள் பகுதி சபை கூட வேண்டும் என்று விதி வந்தபின், 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில்தான் நடந்தது. அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது அரையாண்டு ரசீதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கல்வி நிதியில் இந்த ஆண்டு வரவு எவ்வளவு, அதில் நம் வார்டுப் பள்ளிக்குச் செலவானது எவ்வளவு என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். தொகையைக் கட்டியவர் நீங்கள், கணக்குக் கேட்கும் உரிமை உங்களுடையது.